பத்துப் பேர் கூடிய ஊர்: சவானாவின் யூத சபை

ஜார்ஜியா மாநிலத்தின் துறைமுக நகரமான சவானாவில் இன்றும் இயங்கிவரும் மிக்வா இஸ்ரவேல் சபை 1735-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிறுவப்பட்டது. இன்றைய அமெரிக்காவின் எல்லைக்குள் யூதர்கள் அமைத்த சபைகளில் இது மூன்றாவது என்று கணக்கிடப்படுகிறது. நியூயார்க்கும் ரோட் தீவின் நியூபோர்ட்டும் மட்டுமே இதற்கு முந்தியவை. தென் மாநிலங்களில் இதைவிட மூத்த சபை இல்லை. ஆனால் இந்தச் சபைக்கென்று ஒரு கட்டடம் எழுந்தது 1820-இல்தான். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் அது இரண்டு முறை கலைந்து, இரண்டு முறை மறுபடியும் கூடியது.

கட்டடமே இல்லாமல் ஒரு சபை எப்படி இருக்க முடியும் என்பதற்கு யூத மரபிலேயே விடை இருக்கிறது. பொதுத் தொழுகைக்குக் கோயில் கட்டாயமில்லை, குருமாரும் கட்டாயமில்லை. அன்றைய வழக்கப்படி, 13 வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் போதும். வாடகை வீட்டின் ஓர் அறையிலும் அவர்கள் சபையாகிவிடுவார்கள். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய மண்டபத்தில் நின்றாலும் யூத வேதமான தோராவின் சுருளைச் சபை முன் விரித்து வாசிக்க முடியாது. சவானாவின் யூதர்கள் அரை நூற்றாண்டுக் காலம் போராடியது பெரும்பாலும் இந்தப் பத்து என்ற எண்ணோடுதான்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1497-இல் போர்ச்சுகல் தன் யூதர்களைக் கட்டாயமாகக் கிறித்தவர்களாக்கியது. அதன் பிறகு பல தலைமுறைகள் வெளியில் கத்தோலிக்கராகவும் வீட்டுக்குள் யூதராகவும் வாழ்ந்தன. பிடிபட்டவர்களை மத விசாரணை மன்றம் சிறையிலிட்டது, சொத்தைப் பறித்தது, சிலரை எரித்துக் கொன்றது. தப்பியவர்களில் பலர் லண்டனுக்கு வந்து சேர்ந்தனர். அங்கே 1701-இல் கட்டப்பட்ட பெவிஸ் மார்க்ஸ் தொழுகைக்கூடத்தைச் சுற்றி வசதியான ஸ்பானிய, போர்ச்சுகீசிய வணிகர் சமூகம் ஒன்று இருந்தது. 1720-களில் அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது அவர்களுக்குச் சோறும் உறைவிடமும் கொடுக்கும் சுமை இந்தச் சமூகத்தின் தலையில் விழுந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் புதிதாக ஒரு குடியேற்றம் திட்டமிடப்பட்டது. 1732 ஜூனில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அளித்த பட்டயத்தின்படி, ஜார்ஜியா ஓர் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. இங்கிலாந்தின் ஏழைகளுக்கு நிலம் தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. புளோரிடாவில் இருந்த ஸ்பானியருக்கும் தென் கரோலினாவுக்கும் நடுவே ஓர் அரணை எழுப்புவது இன்னொன்று. நிதி திரட்டப் பலருக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. யூத சமூகத்தின் செல்வந்தர்களான ஃபிரான்சிஸ் சால்வடோர், ஆல்வாரோ லோப்பஸ் சுவாஸோ, ஆன்டனி டா கோஸ்டா மூவரும் அந்த அதிகாரத்தைப் பெற்றனர். திரட்டிய பணத்தை அவர்கள் அறங்காவலர்களிடம் ஒப்படைக்கவில்லை. தங்கள் மக்களை ஜார்ஜியாவுக்கு அனுப்பவே செலவிட்டனர்.

இதை அறிந்த அறங்காவலர்கள் கொதித்தார்கள். யூதர் குடியேறுகிறார்கள் என்று தெரிந்தால் கிறித்தவ நன்கொடையாளர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது அவர்களின் அச்சம். கொடுத்த அதிகாரத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். பின்னாளில் லண்டனில் அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நிறுவிப் புகழ்பெற்ற தாமஸ் கோரமும் இந்தக் குழுவில் இருந்தார். விரைந்து தடுக்காவிட்டால் ஜார்ஜியா யூதக் குடியேற்றமாகவே மாறிவிடும் என்று எச்சரித்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது.

‘வில்லியம் அண்ட் சாரா’ என்ற அந்தக் கப்பல் 1733 ஜூலை 11 அன்று சவானாவை அடைந்தது. அதில் வந்த யூதர்கள் நாற்பதுக்குச் சற்று மேல். பெரும்பாலோர் போர்ச்சுகலிலிருந்து தப்பிய செபார்டிகள். மினிஸ், ஷெஃப்டால் போன்ற ஓரிரு குடும்பங்கள் மட்டும் ஜெர்மன் மொழி பேசும் அஷ்கெனாசிகள். வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே கப்பலில் இத்தனை யூதர் சேர்ந்து வந்ததில்லை.

சவானாவுக்கு அப்போது வயது ஐந்து மாதம். ஜேம்ஸ் ஓகில்தோர்ப் தலைமையில் முதல் குடியேறிகள் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் யாமக்ரா மேட்டில் கரையேறியிருந்தனர். அந்த மேட்டின் பூர்வகுடிகளான யாமக்ராக்களின் தலைவர் டொமோசீச்சி அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். பைன் மரங்களை வெட்டிச் சதுக்கங்களாக ஊரை அமைத்துக்கொண்டிருந்தபோது கோடைக் காய்ச்சல் பரவியது. குடியேற்றத்தின் ஒரே மருத்துவர் வில்லியம் காக்ஸ் ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பின்னும் சாவுகள் தொடர்ந்தன. கப்பல் வந்து நின்றபோது ஊரில் நோய் பார்க்க ஆளில்லை.

வந்தவர்களில் ஒருவர் மருத்துவர். பெயர் சாமுவேல் நூனெஸ். லிஸ்பனில் டியோகோ நூனெஸ் ரிபெய்ரோ என்ற பெயரில் மருத்துவம் செய்து பேர் வாங்கியவர். யூத வழக்கங்களை மறைவாகப் பின்பற்றியதற்காக மத விசாரணை மன்றத்தின் பிடியில் சிக்கியவர். அவர் தப்பி வந்ததைப் பற்றிக் குடும்பத்தினர் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு: டேகஸ் ஆற்றங்கரை வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது, ஆற்றில் நின்ற ஆங்கிலக் கப்பலைப் பார்க்கப் போவதுபோல் குடும்பத்தோடு ஏறினாராம், உடனே பாய் விரித்துவிட்டார்களாம். கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும், 1720-களின் பிற்பகுதியில் அவர் லண்டனில் வெளிப்படையான யூதராக வாழ்ந்தார் என்பது உறுதி.

சவானாவில் நூனெஸ் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியும் உடல் வெப்பத்தைத் தணிக்கும் பானங்கள் கொடுத்தும் நோயாளிகளைத் தேற்றினார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். அவர் வந்த பிறகு சாவு நின்றது என்று ஓகில்தோர்ப் அறங்காவலர்களுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் நன்றியோடு கொஞ்சம் சாதுரியமும் கலந்திருந்தது. யூதர்களை இறங்கவிட்டதற்கு அவர் காரணம் காட்ட வேண்டியிருந்தது. நூனெஸைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைத்திருக்காது.

சட்டமும் அவர் பக்கம் நின்றது. ஜார்ஜியாவின் பட்டயம் கத்தோலிக்கரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் அளித்திருந்தது. யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஓகில்தோர்ப் சார்ல்ஸ்டன் வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். யூதரைத் தடுக்கப் பட்டயத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. ஸ்பெயினின் மதத்துக்கு அஞ்சி எழுதிய விலக்கு, அதே ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு உள்ளே வர வழிவிட்டது. மருத்துவருக்குப் பரிசு கொடுங்கள், யூதருக்கு நிலம் மட்டும் கொடுக்காதீர்கள் என்று லண்டனிலிருந்து அறிவுரை வந்தது. ஓகில்தோர்ப் அதைப் பொருட்படுத்தவில்லை. 1733 டிசம்பரில் குடியேறிகளுக்கு நிலம் பதிவு செய்தபோது யூதர்களின் பெயர்களையும் சேர்த்தார். ஊருக்குள் 60 அடிக்கு 90 அடி மனை, ஊரோரம் 5 ஏக்கர் தோட்டம், அதற்கு வெளியே வயல் என எல்லாம் சேர்த்து 50 ஏக்கர் என்பது ஜார்ஜியாவில் வழங்கிய அளவு. இறந்தவர்களைப் புதைக்கவும் ஊர்ப் பொதுநிலத்தில் ஓர் இடம் ஒதுக்கினார்.

வந்தவர்கள் தனித்தனியாகப் பிழைப்புத் தேடி வரவில்லை, சபை அமைக்கும் எண்ணத்தோடே வந்தனர் என்பதற்கு அவர்களின் மூட்டையே சான்று. பென்ஜமின் ஷெஃப்டால் எழுதிவைத்த குறிப்புகளைப் பிறகு அவர் மகன் லீவை ஆங்கிலத்தில் எழுதிப் பாதுகாத்தார். அதன்படி கப்பலில் ஒரு தோராச் சுருள், அதைப் போர்த்த இரண்டு உறைகள், விருத்தசேதனக் கருவிகள் கொண்ட பெட்டி ஒன்று இருந்தன. இனி அமையப்போகும் சபைக்கென்று லிண்டோ என்ற லண்டன் வணிகர் கொடுத்தனுப்பியவை அவை. ஆக, 1733-இலேயே தொழுகை நடந்திருக்கிறது. 1735 ஜூலையில் எல்லோரும் கூடி முறைப்படி சபையைத் தொடங்க முடிவெடுத்து, ‘இஸ்ரவேலின் நம்பிக்கை’ என்று பொருள்படும் மிக்வா இஸ்ரவேல் என்ற பெயரைச் சூட்டினர். இடம் ஒரு வாடகை வீடு. 1737-இல் இன்னொரு தோராச் சுருளும் ஹனுக்கா விளக்கும் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தன. 1738-இல் சடங்கு நீராட்டுக்கான தொட்டியும் திறக்கப்பட்டது.

இந்த முதல் சபையை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் ஒரு ஜெர்மன் போதகர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் விவசாயிகள் 1734 மார்ச்சில் சவானாவுக்கு வந்தனர். அவர்களோடு வந்த யோஹான் மார்ட்டின் போல்ட்சியஸ், ஜெர்மனியின் ஹாலே நகரில் பயிற்சி பெற்றவர். தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவையும் அவருக்குப் பின்வந்த போதகர்களையும் தயார்செய்து அனுப்பியதும் அதே ஹாலேதான். தரங்கம்பாடிக் கடிதங்களை அச்சிட்ட அதே நிறுவனம் ஜார்ஜியாவிலிருந்து வந்த நாட்குறிப்புகளையும் வெளியிட்டது. தமிழக வரலாற்றுக்குப் பயன்படும் ஆவணச் சேகரத்தின் பக்கத்து அலமாரியிலேயே சவானாவின் யூதர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

சால்ஸ்பர்க் அகதிகள் கரையிறங்கியபோது, ஜெர்மன் பேசும் யூதர் ஒருவர் அவர்களை வீட்டுக்கு அழைத்துக் காலை உணவாக அரிசிக் கஞ்சி கொடுத்தார் என்று அந்தப் பயணக் குறிப்புகள் சொல்கின்றன. சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இரு கூட்டத்தார், மொழியால் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட தருணம் அது. இந்தக் குடியேற்றத்தின் ஆவணங்களில் இவ்வளவு இதமான வரி வேறு அதிகமில்லை. போல்ட்சியஸுக்கு யூதர்களை மதம் மாற்றும் ஆசையும் இருந்தது. அதில் அவர் வெற்றி பெறவில்லை. ஆனால் கண்டதை நேர்மையாக எழுதினார். தொழுகை பழைய, பாழான குடிசை ஒன்றில் நடக்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனியே அமர்கிறார்கள். பல மொழி அறிந்த, எபிரேயத்தில் தேர்ந்த சிறுவன் ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வாசிக்கிறான் என்கிறார். ஆங்கிலேயரும் யூதரும் காவல் பணியில் சமமாகத் துப்பாக்கி ஏந்துவதையும், சேர்ந்து குடித்து விளையாடுவதையும் பார்த்து அவர் வியந்தார். ஜெர்மனியில் அவர் அப்படிக் கண்டதில்லை.

சபைக்குள் இருந்த பிளவையும் அவரே பதிவு செய்தார். செபார்டிகளுக்கும் அஷ்கெனாசிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜெர்மன் யூதர்கள் தாங்களே முறைப்படி அறுக்காத இறைச்சியை உண்பதைவிடப் பட்டினி கிடப்பார்கள். போர்ச்சுகீசியர் உணவு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லாதவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வேடமிட்டு உயிர் பிழைத்தவர்களிடம் நுணுக்கமான ஆசாரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அவர்கள் எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் மேலோங்கியிருந்தனர். ஜெர்மன் குடும்பங்களை மதிக்கவும் இல்லை. தொழுகைக்கூடம் கட்ட வேண்டும் என்று இரு தரப்பும் விரும்பியும் உடன்பாடு ஏற்படவில்லை. கட்டடம் எழாமல் போனதற்குப் பணமின்மை மட்டும் காரணமில்லை.

இதற்கிடையே குடியேற்றமே தள்ளாடியது. பட்டும் திராட்சை மதுவும் ஜார்ஜியாவைச் செழிக்கவைக்கும் என்று லண்டன் நம்பியது. போர்ச்சுகல் திராட்சையை இங்கே வளர்த்துக் காட்டிய ஆபிரகாம் டி லயனின் கொடிகளைப் பலரும் புகழ்ந்தனர். ஆனால் பெரும்பாலான நிலம் மணலும் சேறுமாக இருந்தது; நிலத்தை விற்க உரிமையில்லை; மகள்களுக்கு அது வாரிசாகச் சேராது. அடிமைகளை வைத்திருக்கவும் தடை இருந்தது. இந்த விதிகளை மாற்றக் கோரி 1738-இல் குடியேறிகள் மனு எழுதியபோது யூதர்களும் கையெழுத்திட வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்வது சரியல்ல என்று மனுதாரர்கள் ஒதுக்கிவிட்டனர். காவல் பணியில் சமம், கோரிக்கையில் சமமில்லை என்பதுதான் அன்றைய நிலை.

இறுதி அடி போரிலிருந்து வந்தது. 1739-இல் பிரிட்டனும் ஸ்பெயினும் மோதத் தொடங்கின. புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் கோட்டையில் ஸ்பானியப் படை இருந்தது. அங்கிருந்து சவானா அதிகத் தூரமில்லை. மற்றக் குடியேறிகளுக்கு ஸ்பானியர் வெற்றி என்றால் நிலம் போகும். செபார்டிகளுக்கோ உயிரே போகும். ஞானஸ்நானம் பெற்றுவிட்டு யூதராகத் திரும்பியவர்களை மத விசாரணை மன்றம் துரோகிகளாகவே கருதியது. 1740-இலும் அடுத்த ஆண்டிலும் அவர்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சார்ல்ஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் சென்றனர். நூனெஸின் மகள் சிப்போரா மணந்த டேவிட் மச்சாடோ நியூயார்க் சபையில் தொழுகை நடத்துபவராக இருந்தார். அவர்களின் வழிவந்தவரே பின்னாளில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையை விலைக்கு வாங்கிக் காத்த கடற்படை அதிகாரி யூரியா லீவி.

சவானாவில் எஞ்சியவை மினிஸ் குடும்பமும் ஷெஃப்டால் குடும்பமும். போர்ச்சுகீசியர் மதிக்காத அந்த ஜெர்மன் குடும்பங்கள்தாம் சபையின் பெயரைக் காத்தன. பத்துப் பேர் இல்லாததால் சபைத் தொழுகை நின்றது. வீட்டுக்குள் மரபு நிற்கவில்லை. மகன் மார்டிக்காய்க்கு 13 வயது நிறைந்த 1748-இல், பென்ஜமின் ஷெஃப்டால் தொழுகையின்போது கட்டிக்கொள்ளும் தோல் பட்டைகளையும் புத்தகங்களையும் லண்டனிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். கூடித் தொழ ஊரில் ஆளில்லாத நாளில், வருங்காலப் பத்தில் ஒருவனைத் தகப்பன் தயார்செய்தார். 1750-இல் அனாதைகளுக்கு உதவும் யூனியன் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் இருந்தார். உடன் நிறுவியவர்களில் ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் ஆங்கிலிக்கர். ஆபிரகாம் மினிஸ் 1757-இல் இறந்த பிறகு மனைவி அபிகேல் விடுதி நடத்தி, பெரிய குடும்பத்தை வளர்த்து, 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்து, தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

இந்தச் செழிப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1751-இல் அடிமைத் தடை நீங்கியதும் ஜார்ஜியா அரிசித் தோட்டங்களின் நாடாயிற்று. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அண்டை அயலாரைப் போலவே மினிஸ், ஷெஃப்டால் குடும்பங்களும் அடிமைகளை வைத்திருந்தன. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தவர்கள் அவர்கள். அந்த நினைவு தம் வயலில் நின்றவர்கள்வரை எட்டவில்லை.

மெல்ல யூதர்கள் மீண்டும் வந்து சேர்ந்தனர். முதலில் தேவைப்பட்டது இடுகாடு. பொதுநிலத்திலிருந்த பழைய இடத்தை விரிவாக்கக் கேட்டபோது 1770-இல் குடியேற்றத்தின் சட்டமன்றம் ஒப்புதல் தரவில்லை. 1773-இல் மார்டிக்காய் ஷெஃப்டால் தம் சொந்த நிலத்தையே இடுகாட்டுக்காக எழுதிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு பத்துப் பேர் தேறினார்கள். மார்டிக்காய் தம் வீட்டின் ஓர் அறையைத் தொழுகைக்கு ஒதுக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சபை மறுபடி கூடியது.

அமெரிக்கப் புரட்சி அதையும் கலைத்தது. மார்டிக்காய் புரட்சிப் படைக்கு உணவுப் பொருள் வழங்கும் அதிகாரியானார். 1778 டிசம்பர் 29 அன்று பிரிட்டிஷ் படை சவானாவைக் கைப்பற்றியபோது அவரும், பதின்ம வயது மகன் ஷெஃப்டால் ஷெஃப்டாலும் பிடிபட்டுச் சிறைக்கப்பலில் அடைக்கப்பட்டனர். மறு ஆண்டு பிரெஞ்சுப் படை நகரை மீட்க வந்தபோது கரையிறங்கும் இடத்தைக் காட்டி வழிநடத்தியவர்களில் லீவை ஷெஃப்டாலும், 1734-இல் சவானாவிலேயே பிறந்த ஃபிலிப் மினிஸும் இருந்தனர். படைக்காக மார்டிக்காய் செலவிட்ட சொந்தப் பணம் 1797-இல் அவர் இறக்கும்வரை திரும்பி வரவில்லை.

போர் முடிந்து 1786-இல் சபை மீண்டும் ஒழுங்குபடுத்தப்பட்டது. இந்த முறை அது கலையவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவரானதை வாழ்த்தி லீவை ஷெஃப்டால் 1790-இல் சபையின் சார்பில் மடல் எழுதினார். நியூபோர்ட் சபைக்கு வாஷிங்டன் எழுதிய கடிதம் இன்று புகழ்பெற்றது. சவானாவுக்கு அவர் எழுதிய பதில் அதற்கும் முந்தியது. எபிரேயரை எகிப்திலிருந்து மீட்ட அதே கடவுளே அமெரிக்காவையும் நிலைநிறுத்தினார் என்ற கருத்தை அதில் எழுதியிருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஆளுநர் எட்வர்ட் டெல்ஃபேர் சபைக்குச் சட்டபூர்வமான பட்டயம் வழங்கினார். பட்டயத்தில் யூதர் என்ற சொல் இல்லாததால் உள்ளே வந்தவர்களின் பிள்ளைகள், 57 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பெயரிலேயே பட்டயம் பெற்றார்கள்.

1820 ஜூலையில் சபைக்குச் சொந்தமான முதல் தொழுகைக்கூடம், ஒரு சிறிய மரக் கட்டடம், திறக்கப்பட்டது. திறப்புரை ஆற்றியவர் சவானாவில் பிறந்த மருத்துவர் ஜேக்கப் டி லா மோட்டா. உரையின் பிரதிகளை அவர் முன்னாள் குடியரசுத் தலைவர்களான ஜெஃபர்சனுக்கும் மேடிசனுக்கும் அனுப்பினார். இருவரும் மதச் சுதந்திரத்தை ஆதரித்துப் பதில் எழுதினர். ஒன்பதே ஆண்டுகளில், 1829-இல், கட்டடம் தீக்கிரையானது. தோராச் சுருள்கள் காப்பாற்றப்பட்டன. அதே இடத்தில் பிறகு செங்கல் கட்டடம் எழுந்தது. அதுவும் போதாமல் போகவே, மான்டெரி சதுக்கத்தில் நியூயார்க் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாரிசன் வரைந்த இப்போதைய கூடம் 1878-இல் திறக்கப்பட்டது. கூர்முனை வளைவுகளும் உயர்ந்த தூண்களும் கொண்ட கோதிக் பாணி; தெருவிலிருந்து பார்த்தால் கிறித்தவ தேவாலயம் என்றே தோன்றும். 1904-இல் சபை சீர்திருத்த யூத மதச் சபைகளின் கூட்டமைப்பில் சேர்ந்தது.

லிண்டோ கொடுத்தனுப்பிய சுருளும் 1737-இல் வந்த சுருளும் மான்தோலில் எழுதப்பட்டவை. வட அமெரிக்காவில் உள்ள மிகப் பழைய தோராச் சுருள்களாக அவை கருதப்படுகின்றன. மான்டெரி சதுக்கத்துக் கூடத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில், சபைக்கு வந்த குடியரசுத் தலைவர்களின் கடிதங்களோடு அவையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.